குழாய்க்கு ஒரு சும்மாடு

விடிவதற்கு முன்பே தாராவியில் இட்லிப் பாத்திரங்கள் தலையேறிவிடுகின்றன. பாத்திரத்துக்கும் தலைக்கும் நடுவில் சுருட்டிய துணி. அது பாரத்தையும் தாங்கும், சூட்டையும் மண்டைக்கு விடாது. சும்மாட்டின் இந்த இரட்டை வேலையை ஆலைக் குழாய்க்குச் செய்து தரப் பொறியாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

செம்பூரைத் தாண்டி மாகுலுக்குப் போனால் குழாய்க்காடு. 1954-இல் ஸ்டான்வாக், 1955-இல் பர்மா ஷெல் என எண்ணெய் ஆலைகள் அங்கே எழுந்தன. அடுத்த பத்தாண்டில் டிராம்பேயில் உர ஆலை. சூடான குழாய் சற்றுச் சூடு இழந்தால் நஷ்டம் எரிபொருளோடு போகும். குளிர்ந்த குழாய்தான் வில்லங்கம் பிடித்தது. கூடுதல் அழுத்தமில்லாமல், உரத்துக்கு வேண்டிய அம்மோனியா திரவமாகக் கிடக்க மைனஸ் 33 டிகிரி வேண்டும். குழாய் நெடுகப் போர்வை சுற்றலாம். ஆனால் குழாய் தாங்கியில் உட்காரும் இடத்தில் போர்வை நசுங்கிவிடுமே? நேரே எஃகின்மேல் உட்கார வைத்தாலோ, குளிர் தாங்கிக்குள் இறங்கும். கடற்காற்றின் ஈரம் அதில் படிந்து உறையும், உருகும், துருவாகும். இன்னும் கடுங்குளிரானால் சாதாரண எஃகே கண்ணாடிபோல் நொறுங்கும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1944-இல் திரவ இயற்கை எரிவாயுத் தொட்டி பிளந்து 130 பேர் இறந்தபோது, சந்தேகம் விழுந்தது குளிர் தாங்காத எஃகின் மேல்தான்.

முதலில் கைகொடுத்தது மரம். எஃகு கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்குதான் மரம் கடத்தும். கட்டையை அரைவட்டமாகக் குடைந்து, தாரில் ஊறவைத்துக் குழாய்க்கு அடியில் கொடுத்தார்கள். 1959-இல் திரவ இயற்கை எரிவாயுவை முதன்முதலாகக் கடல் கடத்திய ‘மீத்தேன் பயனியர்’ கப்பலிலும் தொட்டிகளைச் சுற்றி இருந்தது பால்சா மரம்தான். ஆனால் மரம் வெடிக்கும், ஈரம் குடிக்கும், உளுக்கும்.

மாற்று வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பாயர் குழுவினர் பாலியூரித்தேனைக் கண்டார்கள். அதன் மூலப்பொருளில் ஈரம் கலந்தால் கரியமில வாயு கிளம்பிக் குமிழ் விழும். ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டிக்குத்தான் இது லாயக்கு என்று ஆரம்பத்தில் யாரோ கேலி செய்ததாக ஒரு கதை உண்டு. நம் இட்லி மாவு பொங்குவதும் அதே வாயுவால்தான்; ஒரு தாராவிக்காரர் அங்கிருந்திருந்தால் குறை என்று சொல்லியிருக்க மாட்டார்.

இட்லி உவமை இன்னும் சற்று தூரம் வரும். சுவருக்குப் போடும் பாலியூரித்தேன் நுரை ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ அளவில் இருக்கும். குழாய் ஏறினால் அமுங்கிவிடும். அதே அச்சில் கூடுதல் மாவு ஊற்றி மூடியை இறுக்கினால்? பொங்க இடமின்றி நுரை கெட்டிப்படும். 160, 320 கிலோ என்று அடர்த்தி ஏற ஏறப் பாரம் தாங்கும். குளிரை மறிக்கும் குணம் ஓரளவு குறையும். இந்தக் கெட்டி நுரையை இரண்டு அரைவட்டங்களாக வார்த்து, மேலே ஈரம் புகாத உறை ஒட்டி, இரும்புத் தொட்டிலில் வைத்துக் கவ்வினால் ‘கோல்டு ஷூ’ தயார். மைனஸ் 162 டிகிரியில் திரவ இயற்கை எரிவாயு ஓடும் குழாயும் இதில் அமரும்.

வேலை ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று பார்க்க, வெளித்தொட்டிலில் உள்ளங்கையை வைத்தால் போதும். வேர்த்திருந்தால் எங்கோ குளிர் கசிகிறது. ஆனால் மும்பையில் ஜூலை மாதம் இந்தச் சோதனைக்குப் போகிறவர் பாவம். எல்லா இரும்பும் நனைந்துதான் நிற்கும்.