பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்காத பிரேக்

இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போனபோதுதான் காரின் பொல்யூஷன் சர்டிபிகேட் முடிந்துபோனது தெரிந்தது. பக்கத்து பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஒரு பழைய ஆம்னி வேன் நிற்கும். உள்ளே கம்ப்யூட்டரோடு ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். போனேன். இன்ஜினை ஓடவிடச் சொன்னான், சைலன்சருக்குள் குழாயைச் செருகினான், நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்தான், சீட்டைக் கையில் கொடுத்தான். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அடுத்த வாரம் வண்டியை சர்வீசுக்கு விட்டேன். மெக்கானிக் முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். பிரேக் பேட் முழுசாகத் தேய்ந்து, இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருந்தன. "இதை வெச்சுக்கிட்டா சார் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறீங்க?" என்றார். டேஷ்போர்டில் ஆர்.சி., இன்சூரன்ஸ், பொல்யூஷன் என்று எல்லா பேப்பரும் சுத்தமாக இருந்தன. பிரேக்தான் இல்லை.

தப்பு என்னுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. என் காரின் பிரேக்கை அரசாங்கம் கடைசியாக எப்போது பார்த்தது? பதினோரு வருஷத்துக்கு முன்னால், புதுக்காராகப் பதிவு செய்த அன்று. அடுத்து எப்போது பார்க்கும்? பதினைந்தாவது வருஷம், ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போது. புகையை மட்டும் வருஷா வருஷம் பார்க்கும் சட்டம் பிரேக்கை ஏன் பார்ப்பதில்லை? இதைத் தேடிப் போனபோது கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள்.

எஃப்.சி. யாருக்காக வந்தது?

மோட்டார் வாகன ஆய்வாளரை நம்ம ஊரில் யாரும் அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. பஸ்காரர், லாரிக்காரர் எல்லாருக்கும் அவர் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'. வண்டியை ஓட்டவைத்து, திடீரென்று பிரேக் போடச்சொல்லிப் பார்ப்பவர் என்பதால் வந்த பெயர் அது. 'வண்டி எஃப்.சி.க்குப் போயிருக்கு' என்பதும் அதே உலகத்துப் பேச்சு. எஃப்.சி. வரும்போதுதான் லாரிக்குப் புது பெயின்ட் அடிப்பார்கள், லைட் எரியும், ஹாரன் அடிக்கும். சொந்தக் கார் வைத்திருப்பவர்களிடம் இந்தச் சொல் அவ்வளவாகப் புழங்குவதில்லை. காரணம் பழைய சட்டத்தில் இருக்கிறது.

1914இல் வந்த இந்திய மோட்டார் வாகனச் சட்டம் சின்னது. வண்டியைப் பதிவு செய், ஓட்டுபவர் லைசென்ஸ் வாங்கு என்ற அளவுக்குத்தான் அதன் அக்கறை. 1930களில் நிலைமை மாறியது. தனியார் பஸ்கள் பெருகி, ரயிலுக்குப் போகவேண்டிய பயணிகளை அள்ளிக்கொண்டு போயின. ரயில்வேயின் வருமானத்தில் கை வைத்தால் அரசாங்கம் சும்மா இருக்குமா? மிட்செல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகளிடம் சாலை-ரயில் போட்டியைப் பற்றி அறிக்கை வாங்கியது. அந்த விவாதங்களின் தொடர்ச்சியாக வந்ததுதான் 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். பஸ்ஸுக்கும் லாரிக்கும் பெர்மிட், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், கூடவே தகுதிச் சான்று. இந்தத் தகுதிச் சான்றுதான் நம்ம எஃப்.சி. அது இல்லாத போக்குவரத்து வாகனம், பதிவே செய்யாத வாகனத்துக்குச் சமம் என்றது சட்டம்.

'போக்குவரத்து வாகனம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பஸ், லாரி, டாக்சி மாதிரி தொழிலுக்கு ஓடும் வண்டிகள்தான் அதில் வரும். காசு கொடுத்து ஏறும் பயணிக்கு அந்த வண்டியின் பிரேக்கைச் சோதித்துப் பார்க்க வழியில்லை, அதனால் அவர் சார்பில் அரசாங்கம் பார்க்கிறது. சொந்தக் காரில் போகிறவர் தன் உயிரைத் தானே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள். பிரிட்டனிலும் இதே யோசனைதான். அங்கே 1930ஆம் வருஷச் சட்டம் பஸ்களுக்குத் தகுதிச் சான்று கேட்டது, சொந்தக் காரை விட்டுவிட்டது.

பிரிட்டன் அங்கேயே நிற்கவில்லை. போருக்குப் பிறகு கார்கள் பெருகின, பழைய கார்களும் சாலையில் ஓடிக்கொண்டே இருந்தன. 1960இல் பத்து வயது தாண்டிய கார்களுக்கு பிரேக், ஸ்டீயரிங், லைட் மூன்றையும் சோதிக்கும் திட்டம் வந்தது. போக்குவரத்து அமைச்சகம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'எம்.ஓ.டி. டெஸ்ட்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சோதிக்கப் போனால் தேறாத வண்டிகள் ஏகப்பட்டவை. அதனால் வயது வரம்பை மளமளவென்று குறைத்தார்கள். 1961இல் ஏழு வருஷம், 1967இல் மூன்று வருஷம். 1991இல் புகையை மீட்டர் வைத்து அளப்பதும் அதே சோதனைக்குள் சேர்ந்தது. ஒரே கொட்டகை, ஒரே நாள், ஒரே சான்றிதழ்.

இந்தியாவில் 1960களில் சொந்தக் கார் என்பது ஊருக்கு ஒன்றிரண்டு. அன்றைக்கு அதைப் பற்றி யாரும் கவலைப்படாதது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் 1988ஆம் வருஷப் புதுச் சட்டமும் அந்தப் பழைய கோட்டை அப்படியே வைத்துக்கொண்டது. போக்குவரத்து வாகனத்துக்கு எஃப்.சி. உண்டு. சொந்தக் காருக்கு 15 வருஷம் செல்லும் ஆர்.சி., அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிப்பு. பழுதான வண்டியை ஓட்டினால் குற்றம் என்று அதே சட்டம் சொல்கிறது, நடுவில் போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை.

புகை வேறு வழியாக வந்தது

சொந்தக் காரைச் சட்டம் தொட்டது பிரேக்குக்காக அல்ல, புகைக்காக. அதன் தொடக்கம் வேறு ஊரில், வேறு காலத்தில்.

1940களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கண் எரியும் மூட்டம் ஒன்று கவிய ஆரம்பித்தது. ஆலைகளைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர், 1950களின் தொடக்கத்தில் உண்மையைக் கண்டுபிடித்தார். எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுகின்றன. அந்த இரண்டும் பெருமளவு வருவது கார்களின் பின்பக்கத்திலிருந்து. அதாவது, சொந்தக் காரை ஓட்டுகிறவர் தன் உயிரோடு மட்டும் விளையாடவில்லை, அவர் விடும் மூச்சை ஊரே இழுக்கிறது. 'சொந்தக் கார், சொந்தப் பொறுப்பு' என்ற பழைய வாதம் இங்கே உடைந்தது.

இந்தியாவில் அந்த வாதத்தை உடைத்ததில் நீதிமன்றத்துக்குப் பெரிய பங்கு. டெல்லியின் வாகனப் புகையை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது 1985இல். 1989ஆம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115ஆவது விதி புகைக்கு வரம்பு வைத்தது. நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது நாலு சக்கர பெட்ரோல் வண்டியின் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கு 4.5 சதவீதம். பதிவாகி ஒரு வருஷம் முடிந்ததும் எந்த வண்டியும் புகைச் சான்றோடுதான் ஓடவேண்டும் என்பதும் இதே விதியில்தான் இருக்கிறது. பஸ், லாரி, கார், ஸ்கூட்டர் என்ற பேதமே இதில் இல்லை.

அந்தச் சோதனை அந்தக் காலத்து வண்டிக்குப் பொருத்தமானது. கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகமாகக் கலந்தால் கார்பன் மோனாக்சைடு ஏறும், ஐடிலிங்கில் வைத்து அளந்தால் பிடிபடும். பிடிபடாமல் இருக்கவும் வழி இருந்தது. டெஸ்டுக்குப் போகுமுன் மெக்கானிக் ஒரு ஸ்குரூவைக் கொஞ்சம் திருப்புவார், சீட்டு வாங்கி வந்ததும் 'பிக்கப் இல்லை' என்று அதையே பழைய இடத்துக்குத் திருப்புவார்.

பிறகு வண்டிகள் மாறின. 1995இல் சென்னை உட்பட நாலு பெருநகரங்களில் விற்கும் புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் அதைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது. சான்றின் வரம்பும் இறங்கியது. பாரத் ஸ்டேஜ் 2 கார்களுக்கு 0.5 சதவீதம், ஸ்டேஜ் 4 கார்களுக்கு 0.3 சதவீதம். காகிதத்தில் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு.

ஆனால் அடிப்படை முறை மாறவில்லை. வண்டி நிற்கிறது, இன்ஜின் சும்மா ஓடுகிறது, குழாய் உள்ளே போகிறது. ஹாகன்-ஸ்மிட் குற்றவாளி என்று காட்டிய நைட்ரஜன் ஆக்சைடை இந்தச் சோதனை அளப்பதே இல்லை. அந்த வாயு இன்ஜின் பாரம் இழுக்கும்போதுதான் அதிகம் வரும், நிற்கும் வண்டியில் அதைப் பிடிக்கவும் முடியாது. டீசல் வண்டிக்கு ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிப் புகையின் அடர்த்தியைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

ஓடும் வண்டியை அளந்தால் என்ன நடக்கும் என்பதை உலகம் 2015இல் பார்த்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று கருவியை டிக்கியில் ஏற்றி கலிஃபோர்னியா சாலைகளில் ஓட்டிப் பார்த்தது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்ற ஆய்வாளரும் இருந்தார். ஆய்வகத்தில் உத்தமனாக நடந்துகொண்ட ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்கள் சாலையில் வரம்பைப் போலப் பல மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு கக்கின. சோதனை நடக்கிறதா என்று கண்டுகொள்ளும் மென்பொருள் உள்ளே இருந்தது. நம்ம மெக்கானிக்கின் ஸ்குரூதான், கம்ப்யூட்டர் வடிவத்தில்.

சோதனையை நம்பாதபோது

சோதனை மீது நம்பிக்கை போனால் சட்டம் வேறு எதையாவது பிடித்துக்கொள்ளும். டெல்லி பிடித்தது வயதை. பத்து வயது தாண்டிய டீசல் வண்டியும் பதினைந்து வயது தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பொத்திப் பொத்திப் பராமரித்த பழைய காருக்கும், பராமரிப்பே இல்லாத பழைய காருக்கும் அங்கே அப்போது ஒரே தீர்ப்பு. எது எப்படி என்று பிரித்துச் சொல்லும் சோதனை இருந்திருந்தால் வயதைக் கேட்க வேண்டியிருக்காது.

சீட்டு வாங்கவைக்கும் வழிகளும் இறுகின. புகைச் சான்று இல்லாமல் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது, 2024இல் அந்த நிபந்தனையை நீக்கியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். 2021இல் அறிவித்த பழைய வாகனக் கழிப்புக் கொள்கையோடு, பிரேக்கை உருளையில் ஏற்றி இயந்திரமே அளக்கும் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு விதிகள் வந்தன. நல்ல விஷயம்தான். அதிலும் கட்டாயப்படுத்த முதலில் எடுத்துக்கொண்டது கனரக லாரிகளையும் பஸ்களையும். சொந்தக் காருக்குப் பழையபடி பதினைந்தாவது வருஷம்தான். 1939இல் போட்ட கோடு இன்னும் அழியவில்லை.

ஆக, என் டேஷ்போர்டில் இருந்த பேப்பர்கள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் அதனிடம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது. பிரேக்கைப் பற்றிய கேள்வியை பஸ்ஸிடமும் லாரியிடமும்தான் கேட்டிருக்கிறோம். இப்போது நம்ம தெருவில் அவற்றைவிட அதிகமாக ஓடுவது என்னுடையதைப் போன்ற சொந்தக் கார்கள்.

சட்டம் மாறும்வரை நானே எனக்கு பிரேக் இன்ஸ்பெக்டர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி பேட் பார்க்கச் சொல்கிறேன். டயர் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று ஒரு விதி இருப்பதையும் இந்தத் தேடலில்தான் தெரிந்துகொண்டேன். அளந்து பார்த்தேன். பின்பக்கம் இரண்டு தேறவில்லை, மாற்றிவிட்டேன். பொல்யூஷன் சீட்டு இன்னும் செல்லும்.