முன்னோட்டம்: விழுங்கப்பட்ட சொல்

முதலில் படம் முடிந்தபின் ஓடியதால்தான் 'டிரெய்லர்' என்று பெயர். நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் போன்றவை அதற்கு ஒரு இலக்கணம் கொடுத்தன: பரபரப்பான துண்டுகள், குறுக்கே பாயும் கொட்டை எழுத்து.

1960இல் 'சைக்கோ'வுக்கு ஹிட்ச்காக் அதைத் தூக்கிப்போட்டார். படக்காட்சி ஒன்றுகூட இல்லை. ஆறு நிமிஷத்துக்கு மேல் அவரே வீட்டைச் சுற்றிக்காட்டி, சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்குகிறார். கடைசியில் குளியலறைத் திரை விலக, ஒரு பெண் அலறுகிறாள். படத்தில் அங்கே கொல்லப்படுபவர் ஜேனட் லீ. இங்கே அலறுவது வேரா மைல்ஸ்.

வெறும் ஏமாற்று என்று இதை ஒதுக்கிவிட முடியுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. விழுங்கப்பட்ட சொல்தான் பார்வையாளனின் விழைவைக் கட்டமைக்கிறது. படம் தொடங்கியபின் அனுமதியில்லை என்ற விதி அந்த விழைவை வரிசையில் நிறுத்தியது. அலறுவதற்கு எந்தப் பெண்முகமும் போதும் என்பதுதான் இந்தப் பிரதி சொல்லாமல் சொல்வது.