வால்வோ சர்வதேச டென்னிஸ் போட்டி

வால்வோ சர்வதேச டென்னிஸ் போட்டி என்பது ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் 1973 முதல் 1998 வரை நடைபெற்ற ஆடவர் தொழில்முறை டென்னிஸ் தொடர் ஆகும். இறுதி ஆண்டுகளில் இது வேறு பெயர்களில் நடந்தது. முதல் 12 ஆண்டுகள் (1973–1984) களிமண் தரையிலும், 1985 முதல் கடினத் தரையிலும் ஆடப்பட்டது. இத்தொடரின் முதல் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ். டென்னிஸில் ஆடுதரை மாறும்போது வெற்றியாளர்களும் மாறுவதை இத்தொடரின் வரலாறு காட்டுகிறது.

களிமண் தரை

டென்னிஸில் களிமண் தரை எனப்படுவது வயலில் காணும் களிமண் அன்று. செங்கல்லைப் பொடித்துப் பரப்பினால் சிவப்புத் தரையும், ஒருவகைக் கருங்கல்லைப் பொடித்துப் பரப்பினால் அமெரிக்காவில் வழங்கும் பச்சைத் தரையும் கிடைக்கும். இத்தரையில் விழும் பந்து வேகம் குறைந்து உயரமாக எழும்புகிறது. இதனால் வேகமான சர்வீஸால் மட்டும் புள்ளிகளை ஈட்டுவது கடினம். பின்கோட்டருகே நின்று நீண்ட நேரம் பந்தைத் திருப்பி அடிக்கும் பொறுமையும் உடல்வலுவும் தேவை. புல்தரையில் இதற்கு நேர்மாறாகப் பந்து தாழ்ந்து விரைந்து வரும். சர்வீஸ் செய்தவுடன் வலையை நோக்கி ஓடி ஆடுபவர்களுக்கு அது ஏற்றது.

முதல் ஆண்டு: 1973

முதல் போட்டி நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தின் பிரெட்டன் வுட்ஸ் என்னும் மலையூரில் நடந்தது. உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் உருவாக வழிவகுத்த 1944ஆம் ஆண்டு மாநாடு நடைபெற்ற ஊர் இதுவே.

விஜய் அமிர்தராஜ் 1953 டிசம்பர் 14 அன்று சென்னையில் பிறந்தவர். அண்ணன் ஆனந்த், தம்பி அசோக் ஆகிய இருவரும் டென்னிஸ் வீரர்களே. 1973 கோடையில் விஜய்க்கு வயது 19. அவ்வாண்டு விம்பிள்டன் காலிறுதியில் செக்கோசுலோவாக்கியாவின் யான் கோடெசிடம் 5 செட்கள் போராடித் தோற்றிருந்தார். அதன்பின் பிரெட்டன் வுட்ஸ் இறுதியாட்டத்தில் அமெரிக்காவின் ஜிம்மி கானர்ஸை 7–5, 2–6, 7–5 என வென்றார். தோற்ற கானர்ஸ் அடுத்த ஆண்டே ஆஸ்திரேலிய ஓப்பன், விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் ஆகிய மூன்றையும் வென்றவர் என்பதைக் கருதினால் இவ்வெற்றியின் மதிப்பு விளங்கும்.

விஜய் இயல்பில் சர்வீஸையும் வலையருகு ஆட்டத்தையும் நம்பி ஆடியவர். பிற்காலத்தில் நியூபோர்ட் புல்தரைப் போட்டியை 1976, 1980, 1984 என மும்முறை வென்றார். அத்தகைய வீரர் களிமண் தரையில் பட்டம் பெற்றது குறிப்பிடத்தக்கது.

களிமண் தரை ஆண்டுகள்

1974இல் ஆஸ்திரேலியாவின் ராட் லேவர் பட்டம் வென்றார். 1975இல் போட்டி அதே மாநிலத்தின் நார்த் கான்வே நகருக்கு மாறியது. அங்கு கானர்ஸ் 1975, 1976, 1980 ஆகிய ஆண்டுகளில் வென்றார். எடி டிப்ஸ் (1978), ஹரால்டு சாலமன் (1979), அர்ஜென்டினாவின் ஹோசே லூயிஸ் கிளெர்க் (1981, 1983), இவான் லெண்டில் (1982) ஆகியோரும் பட்டம் பெற்றனர். இவர்கள் அனைவரும் பின்கோட்டு ஆட்டத்தில் தேர்ந்தவர்கள். 1981 இறுதியாட்டத்தில் மோதிய கிளெர்க், கில்லெர்மோ விலாஸ் இருவருமே அர்ஜென்டினர்கள். 1984இல் வென்ற சுவீடனின் யோவாக்கிம் நைஸ்ட்ரோம் இத்தொடரின் கடைசி களிமண் தரை வெற்றியாளர்.

தரை மாறிய காரணம்

ஒரு பெரும்போட்டிக்கு முன் நடக்கும் சிறு தொடர்கள் பெரும்பாலும் அப்போட்டியின் தரையையே பின்பற்றும்; வீரர்கள் அவற்றைப் பயிற்சிக் களமாகக் கொள்வதே காரணம். அமெரிக்க ஓப்பன் 1974 வரை புல்தரையிலும், 1975 முதல் 1977 வரை பச்சைக் களிமண் தரையிலும் நடந்தது. 1978இல் நியூயார்க்கின் ஃபிளஷிங் மெடோஸ் அரங்குக்கு மாறியபோது கடினத் தரையை ஏற்றது. சின்சினாட்டி, கனடா போட்டிகள் 1979இல் கடினத் தரைக்கு மாறின. வால்வோ போட்டி 1985இல் வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்ட்ராட்டன் மலைக்குச் சென்றபோது கடினத் தரையை ஏற்றது. அவ்வாண்டின் வெற்றியாளர் வலையருகு ஆட்டத்தில் வல்லவரான ஜான் மெக்கன்ரோ. 1990 முதல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் நடந்த இப்போட்டி 1998உடன் முடிவுற்றது.

இந்தியத் தொடர்பு

விஜய் தாயகத்திலும் தொழில்முறைப் பட்டங்களை வென்றார். 1973இல் தொடங்கிய இந்திய ஓப்பன் போட்டியில் 1973 (தில்லி), 1975 (கொல்கத்தா), 1977, 1979 (மும்பை) என நான்கு முறை வெற்றி பெற்றார். அப்போட்டி 1979உடன் நின்றது.

தரையின் வலிமையை இந்திய அணி 1987 டேவிஸ் கோப்பையில் உணர்ந்தது. அரையிறுதியில் சிட்னி புல்தரையில் ஆஸ்திரேலியாவை 3–2 என வென்ற இந்தியா, இறுதியில் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் களிமண் தரையில் 0–5 எனத் தோற்றது. தரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போட்டியை நடத்தும் நாட்டுக்கு உண்டு. அதன் இரட்டையர் ஆட்டத்தில் ஆனந்த், விஜய் சகோதரர்களை வீழ்த்திய இணையில் ஒருவர், மேலே குறிப்பிட்ட நைஸ்ட்ரோம்.

1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் நடைபெற்ற சென்னை ஓப்பன் கடினத் தரைப் போட்டியாகும். பெரும்பாலான ஆண்டுகளில் சனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு முன் நடந்ததால், அதற்கும் கடினத் தரையே பொருத்தமாக இருந்தது. வால்வோ போட்டியைக் களிமண்ணிலிருந்து விலக்கிய அதே விதி இங்கும் செயல்பட்டது. இதனால் சென்னையின் ரசிகர்கள் தம் நகரில் கண்டது கடினத் தரைப் போட்டியை. அந்நகரின் வீரர் கானர்ஸை வென்றதோ தொலைதூர மலையூர் ஒன்றின் களிமண் தரையில்.