குன்றின்மேல் ஒரு கூடை

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், பனிக்காலத்து உள்ளரங்கிற்கென ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் கூடைப்பந்தை வகுத்தார். விதிகள் 13, பந்தை ஏந்தி ஓடலாகாது, பிறரை இடிக்கலாகாது என்பனவே அவற்றின் உயிர். குறுகிய இடத்தில் முரட்டுத்தனத்தை அடக்கப் பிறந்தவை அவை.

இலங்கையின் மலையகத்திலும் சமநிலம் அரிது. சரிவெங்கும் தேயிலை படர்ந்திருக்க, 1977 முதல் அரசு பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகளுக்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடைய ஆடுகளம் பெருஞ்செல்வமே.

ஆகவே அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் போட்டி வகுப்போர் நன்கு எண்ணுதல் வேண்டும். எட்டு அணிகள் தோற்றவர் விலகும் முறையில் ஆடினால் 7 ஆட்டங்கள் போதும்; ஒவ்வோரணியும் ஏனைய எல்லாவற்றோடும் ஆடினால் 28 வேண்டும். முன்னதில் நான்கு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும். நெடுந்தொலைவு மலையிறங்கி வந்த பிள்ளைக்கு இரண்டாம் ஆட்டமேனும் அளித்தல் நீதி. நெய்ஸ்மித்தும் தம் வகுப்பின் 18 மாணவரையும் ஒருசேர ஆடவைத்தே அவ்விளையாட்டைத் தொடங்கினார்.