நானூறாவது பூனை



பாதரசத்தினால் விளையும் கேட்டினைப் பற்றிப் பேசுவோர் எவரும் மினமாத்தா என்னும் பெயரைக் கூறாதிருத்தல் இயலாது. யப்பானின் கியூஷூ தீவிலே, குமமோத்தோ மாகாணத்தில் உள்ளது அவ்வூர். அங்குள்ள குடாக்கடல் அலையற்றது. மீனும் சிப்பியும் நிறைந்தது. கரையோர மக்களுக்கு அதுவே தொழில், அதுவே உணவு.

அவ்வூரிலே சிசோ என்னும் நிறுவனத்தின் தொழிற்சாலை 1932ஆம் ஆண்டு முதல் அசற்றல்டிகைட்டு என்னும் இரசாயனப் பொருளை ஆக்கி வந்தது. அதற்கு ஊக்கியாகப் பாதரசச் சேர்வையொன்று பயன்பட்டது. அதன் ஒரு பகுதி மெதைல் இரசம் என்னும் கொடிய நஞ்சாக மாறிக் கழிவுநீரோடு குடாவிற் கலந்தது. நீரிலுள்ள நுண்ணுயிர்களிற் சேர்ந்து, அவற்றை உண்ட மீன்களிற் செறிந்து, மீனை உண்ட மனிதரின் மூளையைச் சென்று தாக்கியது.

முதலில் வீட்டுப் பூனைகள் கூத்தாடுவனபோலத் துள்ளி வீழ்ந்து மாண்டன. பின்னர் மனிதருக்குக் கைகால் மரத்தது; நாக் குழறியது; பார்வை குறுகியது; நடை தடுமாறியது. 1956ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, தொழிற்சாலையின் மருத்துவமனைத் தலைவரான ஹஜிமே ஹொசொக்காவா, இனந்தெரியாத நோயொன்று பரவுகின்றதெனச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தார். தொற்றுநோயென அஞ்சிய அயலவர் நோயாளரை ஒதுக்கினர். நோய்க்குறி தோன்றாத தாய்மாரும் நோயுற்ற குழந்தைகளைப் பெற்றனர். நச்சுக்கொடி கருவைக் காக்கும் என்ற மருத்துவ நம்பிக்கை அங்கே பொய்த்தது.

1959ஆம் ஆண்டு யூலை மாதத்தில் குமமோத்தோ பல்கலைக்கழக ஆய்வாளர், நோயின் காரணம் சேதன இரசமே என்றனர். அதே ஆண்டு ஒக்டோபரில், ஹொசொக்காவா தொழிற்சாலைக் கழிவுநீரைக் கலந்து உணவூட்டிய நானூறாவது பூனைக்கும் அந்நோயே கண்டது. நிறுவனம் அம்முடிவை மறைத்தது. மருத்துவரும் வெளியிற் பேசவில்லை. திசெம்பரிலே கழிவுநீரைத் தூய்மையாக்கும் பொறியொன்று நிறுவப்பட்டது. ஆயின், அது பாதரசத்தை அகற்றுதற்கென அமைந்ததன்று. அம்மாதத்திலேயே நோயாளருக்குச் சிறு தொகையை அனுதாபப் பணமென வழங்கி, பின்னர் தொழிற்சாலையே காரணமென நிறுவப்படினும் மேலும் கேளோம் என்று எழுதுவித்துக் கொண்டனர்.

அம்மௌனத்தின் விலை யாது? 1965இல் நீகாத்தா மாகாணத்தில், வேறொரு நிறுவனத்தின் கழிவினால் அதே நோய் வெளிப்பட்டது. மினமாத்தாவில் அவ்வாக்கம் நின்றது 1968 மே மாதத்தில். அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது அவ்வாண்டு செத்தெம்பரில். பூனை நோயுற்றதற்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள்!

1970இல், நோய்ப்படுக்கையிலிருந்தவாறே ஹொசொக்காவா நீதிமன்றத்துக்கு உண்மையைச் சாட்சியமாக உரைத்தார். அவ்வாண்டே காலமானார். 1973இல் நீதிமன்றம் நிறுவனத்தின் பொறுப்பை நிலைநாட்டி, அனுதாபப் பண உடன்படிக்கையையும் செல்லாதென்றது.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேசச் சமவாயம் 2013இல் குமமோத்தோவிலே ஏற்கப்பட்டு, 2017இல் நடைமுறைக்கு வந்தது. மினமாத்தாவின் பெயரே அதற்கு இடப்பட்டது. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடாகும். நாம் செய்யத்தக்கனவும் உள. உடைந்த வெப்பமானியிலிருந்து சிந்திய இரசத்தை வெறுங்கையால் தொடுதலும், துடைப்பத்தாற் கூட்டுதலும் கூடா. சன்னல்களைத் திறந்து, பிள்ளைகளை அகற்றி, கடின அட்டையால் ஒன்றுசேர்த்து மூடிய கலத்தில் இடுக. கருவுற்ற தாய்மார் சுறா, வாள்மீன் முதலிய பெரிய மீன்களைத் தவிர்த்துச் சிறு மீன்களை உண்க.

இவை எளியவை. அரிது வேறொன்று. தமக்கு ஊதியம் தரும் இடமே தீங்கிழைக்கின்றதென அறிந்தவர் அதனை உரிய காலத்திற் சொல்வதே அது. ஹொசொக்காவா நல்லவர், நோயை முதலில் அறிவித்தவரும் அவரே. அத்தகையவருக்கும் அவ்வொரு சொல்லைச் சொல்லப் பதினோர் ஆண்டுகள் சென்றன.