நைனிதாலில் ஒரு ஆஃப் சீசன் ரூம்

சீசன்ல நைனிதால் போனா நம்ம பர்ஸ் தாங்காது. அதனால செப்டம்பர்ல போனேன். தனி ஆள், ஒரே ஒரு முதுகுப்பை. டெல்லியிலிருந்து ராத்திரி ரயிலில் ஸ்லீப்பர் க்ளாஸ், விடிகாலையில் காத்கோதாம், அங்கிருந்து 35 கிலோமீட்டர் பஸ்ஸில் மலையேற்றம். ஏரியின் மேல் முனைக்குப் பேர் மல்லிதால், கீழ் முனை தல்லிதால். மல்லிதாலுக்குப் பின்னால் மேடேறிப் போனால் வாடகை பாதியாகிவிடுகிறது.

ரூம் கிடைத்த சந்தோஷத்தில் பின் ஜன்னலைத் திறந்தால், கீழே கல் பதித்த ஆழமான வாய்க்கால். கொஞ்சம் தண்ணி, நிறைய பாட்டில், சிப்ஸ் பாக்கெட். லேக் வியூ கேட்டா சாக்கடை வியூ குடுத்துட்டாங்களே என்று நொந்துகொண்டேன். பிஸ்கட் கவர் ஒன்றை நானும் அதில் வீசினேன். ஒத்துக்கிறேன்.

கதை 1841-ல் ஆரம்பிக்கிறது. ஷாஜஹான்பூரில் சர்க்கரை வியாபாரம் செய்த பாரன் என்ற வெள்ளைக்காரர் இந்த ஏரிக்கு வந்து சேர்ந்தார். நம்ம ஊட்டி, கொடைக்கானல் ஏரிகள் மாதிரி இது வெள்ளைக்காரர் ஓடையை மறித்து உண்டாக்கியது இல்லை. இயற்கை ஏரி, பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் புனிதமான இடம். குமாவோன் கமிஷனராக இருந்த டிரெய்ல் முன்பே இதைப் பார்த்திருந்தும், அந்தப் புனிதம் கெட வேண்டாமென்று ஊருக்குச் சொல்லாமல் இருந்தாராம்.

பாரனுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. நிலத்துக்கு உரிமை கொண்டாடிய நர் சிங் என்பவரைப் படகில் ஏற்றி, ஏரி நடுவில் கொண்டுபோய், "கையெழுத்துப் போடு, இல்லாட்டி தண்ணியில தள்ளிடுவேன்" என்றதாக ஒரு கதை. நீச்சல் தெரியாத நர் சிங் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு அவருக்கே பட்வாரி வேலை (நம்மூர் கணக்குப்பிள்ளை மாதிரி) போட்டுக் கொடுத்தார்களாம். எவ்வளவு பெரிய மனசு பாருங்க :-)

அப்புறம் கிடுகிடு வளர்ச்சி. பங்களா, சர்ச், ஹோட்டல். 1862-ல் வடமேற்கு மாகாணத்தின் கோடைத் தலைநகரமே இங்கே வந்துவிட்டது. கட்டுவதற்கு மரத்தை வெட்டி, சரிவைச் செதுக்கினார்கள். 1860-களிலேயே வடக்குச் சரிவில் மண் விழுந்து எச்சரித்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1880 செப்டம்பர் 18, சனிக்கிழமை. இரண்டு நாளாக விடாத மழை. காலையில் விக்டோரியா ஹோட்டலுக்குப் பின்னால் மண் சரிந்து சிலர் புதைந்தார்கள். அவர்களைத் தோண்டி எடுக்க அதிகாரிகள், சிப்பாய்கள், கூலியாட்கள் எல்லோரும் ஓடினார்கள். மதியம் ஒன்றரை மணி வாக்கில் மலையே கீழே வந்தது. ஹோட்டல், நைனா தேவி கோயில், கடை, அசெம்பிளி ரூம்ஸ் எல்லாம் சில நொடிகளில் காலி. காப்பாற்றப் போனவர்களும் போய்விட்டார்கள். செத்தவர்கள் 151 பேர். 43 பேர் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர். மீதி 108 பேர் இந்தியர்.

செயின்ட் ஜான் சர்ச்சில் இந்தச் சாவுகளுக்குப் பித்தளையில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அந்த 108 பேரோ, நான் படித்த புத்தகங்களில் வெறும் தலை எண்ணிக்கைதான். ஊர் நடுவே ஃப்ளாட்ஸ் என்று ஒரு மைதானம். பசங்க கிரிக்கெட் ஆட, சுத்தி மோமோ கடைகள். அன்றைக்கு வந்து விழுந்த மண்தான் அந்தத் திடலை இவ்வளவு பெரிதாக்கியது. நானும் அங்கே உட்கார்ந்துதான் மோமோ சாப்பிட்டேன். கோயிலை 1883-ல் ஏரிக்கரையில் திரும்பக் கட்டினார்கள்.

சர்வர் படுத்தபிறகு மானிட்டரிங் வைக்கிற நம்ம ஆபீஸ் மாதிரி, அதற்கப்புறம்தான் அரசாங்கம் முழித்துக்கொண்டது. மழைத்தண்ணி மண்ணுக்குள் இறங்கி ஊறினால்தானே மலை சரியும்? இறங்குவதற்கு முன்பே பிடித்து ஏரிக்குக் கொண்டுபோக, சரிவுகள் முழுக்கக் கல் வாய்க்கால்கள் கட்டினார்கள். என் ஜன்னலுக்குக் கீழே இருந்ததும் அதில் ஒன்று.

இது எனக்குத் தெரிந்ததே ரெண்டாம் நாள் ராத்திரிதான். மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் போட்ட இரைச்சலில் தூக்கம் போச்சு. எட்டிப் பார்த்தால் லாட்ஜ் பெரியவர் கையில் டார்ச்சோடு குனிந்து, நீளக் கம்பால் குப்பையைக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கிப் போய் என் அரைகுறை இந்தியில், "இவ்வளவு சத்தமா இருக்கே, பயமில்லையா பாபுஜி?" என்றேன்.

"சத்தம் கேட்டா தூங்கலாம் தம்பி. மழை பெய்யும்போது சத்தம் நின்னா எழுந்து ஓடணும்" என்றார். டார்ச்சை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். 1880 கதையை முதலில் சொன்னதும் அவர்தான். மீதியை ஊருக்குத் திரும்பிய பிறகு தேடிப் படித்தேன்.

பழைய கதைதானே என்று விடவும் முடியாது. 2018 ஆகஸ்டில் லோயர் மால் ரோட்டின் ஒரு பகுதி அப்படியே ஏரிக்குள் இறங்கிவிட்டது. வெள்ளைக்காரர் காலத்தில் அப்பர் மால் அவர்களுக்கு, லோயர் மால் நம்மவர்களுக்கும் குதிரைகளுக்கும். இப்போது ரெண்டும் நம்முடையதுதான், வாய்க்காலும் நம்முடையதுதான்.

ஆஃப் சீசன்ல தாராளமா போங்க, வாடகை நிஜமாவே பாதிதான். அது ஏன் பாதி என்று மட்டும் தெரிந்துகொண்டு போங்க. ஜன்னலுக்கு வெளியே எதையும் வீசாதீங்க. நான் வீசிய கவரை அன்றைக்கு ராத்திரி பெரியவரோடு தேடினேன். கிடைக்கவில்லை.