இரு மொழிக் காதற்கதை: ஒரு படத்தின் வரலாறு

கொச்சியை அடுத்த திருப்பூணித்துறையில், பூர்ணத்ரயீசர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் மாலை வேளையில் நடப்போர் காதில் மலையாளமும் தமிழும் மாறிமாறி விழும். மட்டாஞ்சேரிக்குச் சென்றாலோ கொங்கணியும் குஜராத்தியும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி, அலுவலகத்தில் வேறொரு மொழி என்று வாழ்வது இங்குள்ளோர்க்குப் புதிதன்று. மத்திய அரசு அலுவலில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அது அன்றாடப் பிழைப்பும் ஆகும். ஆதலால், மொழி வேறுபட்ட இருவர் காதலித்த கதையைக் கூறிய ஓர் இந்திப் படத்தின் வரலாற்றை இவ்வூரிலிருந்து நோக்குவது பொருத்தமே. 1981 ஜூன் மாதம் வெளிவந்த 'ஏக் தூஜே கே லியே' என்பது அப்படம். ஒருவருக்காக ஒருவர் என்பது அப்பெயரின் பொருள்.

இப்படத்தின் வரலாற்றைத் தொடங்க, அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1931-இல் வெளியான 'காளிதாஸ்' தமிழின் முதற் பேசும் படம் என்பதை யாவரும் அறிவர். அதில் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசக் கதாநாயகன் தெலுங்கில் பேசினார். துணை நடிகர்களுள் ஒருவரான எல். வி. பிரசாத் இந்தியில் பேசினார். கதாநாயகருக்குத் தமிழில் போதிய பயிற்சி இல்லாமையால் நேர்ந்த ஏற்பாடு அது. எனினும், காதலர் இருவர் இரு வேறு மொழிகளில் உரையாடும் காட்சியைத் தமிழ் மக்கள் தம் முதற் பேசும் படத்திலேயே கண்டுவிட்டனர். அதே எல். வி. பிரசாத்தான் பிற்காலத்தில் 'ஏக் தூஜே கே லியே' படத்தைத் தயாரித்தவர்.

இடைப்பட்ட காலத்தில் மொழி, அரசியலின் நடுவே வந்து நின்றது. சென்னை மாகாணத்தில் 1937-லிருந்தும், பின்னர் 1965-லும் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கடுங்கிளர்ச்சிகள் நிகழ்ந்தன, உயிர்களும் போயின. ஆங்கிலமும் தொடர்ந்து பயன்பட வழிசெய்து, 1967-இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும், பாட்டின் வழி தனிவழியாக இருந்தது. 1952-க்குப் பின் நம் வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடம் குறைந்தபோது, நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957-இல் விவித் பாரதி தொடங்கியபின் அப்பாடல்கள் மீண்டும் நம் நிலையங்களிலிருந்தே ஒலித்தன. ஆணையாக வந்த மொழியை ஏற்க மறுத்தவர்களுள் பலர், அம்மொழி பாட்டாக வந்தபோது அதற்குச் செவிகொடுத்தனர். இந்த வேறுபாடே நம் கதைக்கு அடிப்படை.

தமிழ் இயக்குநர் கே. பாலசந்தர் 1978-இல் 'மரோ சரித்ர' என்ற தெலுங்குப் படத்தை எடுத்தார். தமிழ் இளைஞனாகக் கமல்ஹாசனும் தெலுங்குப் பெண்ணாகச் சரிதாவும் நடித்த கறுப்பு வெள்ளைப் படம் அது. தமிழில் குரல் மாற்றப்படாமலே சென்னையில் ஓராண்டுக்கும் மேலாக ஓடியது. அக்கதையையே பிரசாத்தின் நிறுவனத்துக்காகப் பாலசந்தர் இந்தியில் எடுத்தார். கமல்ஹாசன் மீண்டும் தமிழ் இளைஞனாக, வாசு என்ற பெயரில் தோன்றினார். சப்னாவாக நடித்த ரதி அக்னிஹோத்ரியோ, வடநாட்டவராயினும் 1979-இல் தமிழ்ப் படத்தின் வாயிலாகவே திரையுலகில் நுழைந்தவர்.

கதை கோவாவில் நிகழ்கிறது. தமிழ்க் குடும்பமும் இந்தி பேசும் குடும்பமும் அங்கே அண்டை வீட்டார். கோவாவின் சொந்த மொழி கொங்கணி. ஆகவே அம்மண்ணில் இரு குடும்பத்தாரும் குடிவந்தோரே. ஆயினும் ஒருவரையொருவர் அந்நியராகவே கருதுகின்றனர். பிள்ளைகளின் காதலைத் தடுக்க இயலாத பெற்றோர், இறுதியில் ஒரு நிபந்தனை விதிக்கின்றனர். ஓராண்டுக் காலம் இருவரும் சந்திக்கவும் கூடாது, தொடர்புகொள்ளவும் கூடாது. அதன் பின்னும் மனம் மாறாதிருந்தால் மணம் செய்துகொள்ளலாம். அப்பிரிவுக் காலத்தில் வாசு ஒரு விதவைப் பெண்ணிடம் இந்தி பயில்கிறான். முன்னொரு காட்சியில், மின்தூக்கிக்குள் நின்று, இந்திப் படங்களின் பெயர்களையே கோத்துப் பாடித் தன் காதலைத் தெரிவித்தவன் அவன். திரையரங்குச் சுவரொட்டிகளிலிருந்து இந்தி கற்றவர்கள் தென்னாட்டில் எத்தனையோ பேர். அவர்கள் இக்காட்சியில் தம்மையே கண்டு சிரித்திருப்பர்.

படத்தைச் சூழ்ந்த சர்ச்சைகள் இரண்டு. முதலாவது, குரல் பற்றியது. எஸ். பி. பாலசுப்பிரமணியத்தைப் பாடச் செய்வதற்கு இசையமைப்பாளர்களான லட்சுமிகாந்த்-பியாரேலால் தயங்கினர்; தென்னாட்டவரின் இந்தி உச்சரிப்பு பொருந்துமோ என்பது அவர்களுடைய ஐயம். நாயகனே தமிழன், அவன் உச்சரிப்பில் குறையிருந்தால் அது கதைக்குப் பொருத்தமே என்று பாலசந்தர் வாதிட்டார். அவ்வாதம் வென்றது. அப்படப் பாடலுக்காகவே பாலசுப்பிரமணியம் தேசிய விருது பெற்றார்.

இரண்டாவது சர்ச்சை துயரமானது. பிரிவுக்கெடு முடிந்தும் காதலர் வாழவில்லை. பிறரின் வஞ்சத்துக்கும் வன்முறைக்கும் ஆளாகி, இருவரும் சேர்ந்தே இறக்கின்றனர். படம் வெளியானபின், காதலர் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதாக நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் செய்திகள் வந்தன. அரசுத் தரப்பினர் படத்தாரை அழைத்துப் பேசினர். முடிவு இன்பமாக மாற்றப்பட்டது. அதனை மக்கள் ஏற்காமையால் பழைய முடிவே திரும்பியது.

இதில் குற்றம் யாருடையது? ஒரு திரைப்படம் மட்டுமே உயிர்களைப் பறித்தது என்று கூறிவிடுதல், கதவைத் தாழிட்ட வீடுகளின் பொறுப்பை மறைத்துவிடும். ஆயினும், மரணத்தைக் காதலின் வெற்றிபோல அழகுபடுத்திக் காட்டியமை படத்தின் குறையே என்பது நம் கருத்து. இளம் உள்ளங்களுக்குச் சாவு ஒரு சான்றிதழாகத் தோன்றலாகாது. துயருற்றோர் தம் துயரைக் கூற ஒருவரேனும் வேண்டும். அதற்குச் செவிகொடுப்பது சுற்றியுள்ளோர் கடமை.

அப்படத்தில் நிலைக்கத் தக்கது அதன் முடிவு அன்று. வாசு இந்தி பயின்ற அந்த ஓராண்டே. கிளர்ச்சிக் காலத்தில் ஆணை சாதிக்காததை அன்பு சாதித்த கதை அது. வேற்று மொழிப் பெண் மருமகளாக வந்த வீடுகள் திருப்பூணித்துறையிலும் உண்டு. முதல் மாதத்தில் மாமியாரும் மருமகளும் சைகையால் பேசுவர். மறு ஆண்டில் எவர் எம்மொழியில் பேசினார் என்பதே நினைவிராது. அங்கே நம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு வேலை இல்லை. அதில் நமக்கு வருத்தமும் இல்லை.